மேலிருந்தா, விரலிலிருந்தா? மலையகத்துக்கு ஏற்ற கைப்பின்னல் காலுறை

கையால் காலுறை பின்ன நினைப்பவர்கள் முதலில் தேடுவது டிசைனைத்தான். கேபிள் முறுக்கு போடலாமா, லேஸ் மாதிரி துளை விடலாமா, இரண்டு நிறத்தில் பூ எடுக்கலாமா என்று. அதெல்லாம் பிறகு பார்க்கலாம். இந்தக் காலுறை எந்த இடத்தில் கிழியும், கிழிந்த இடத்தை மட்டும் பிரித்துத் திரும்பப் பின்ன முடியுமா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். மலையகத்தில் இருக்கும் நமக்கு நல்ல காலுறை நூல் டவுன் கடையில் நினைத்த நேரத்தில் கிடைக்காது. கொழும்பிலிருந்தோ, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலமாகவோதான் வரவழைக்க வேண்டும். அப்படி வந்த நூலில் பல இரவுகள் உட்கார்ந்து பின்னிய ஒன்று, குதிகாலில் விழுந்த ஒரு ஓட்டைக்காகக் குப்பைக்குப் போகக் கூடாது. ஆகவே நூல், திசை, குதிகால், ஊசி எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே ஒப்பிடுகிறேன்.

நம் குளிரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. ஆனால் வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். பாதத்தை அதிகம் வருத்துவது ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பருவத்திலேயே மலையின் மறுபுறம், பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைச் சரிவுகளில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு அந்தப் பருவத்து மணம் வருவது இந்தக் காற்றால்தான். வெலிமடையில் ஒரு பகலில் காய்கிற கனத்த கம்பளிக் காலுறை, மஸ்கெலியாவில் நாள்கணக்கில் இஸ்தோப்புக் கொடியில் கிடந்தாலும் ஈரம் மாறாமல் இருக்கும். வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பின்னக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

காலுறைக்கென்றே வரும் நூலில் பெரும்பாலும் 75 வீதம் கம்பளியும் 25 வீதம் நைலோனும் கலந்திருக்கும். 100 கிராம் பந்தில் ஏறத்தாழ 400 மீற்றர். பெரியவர் ஒருவருக்கு ஒரு சோடி பின்ன அது போதும். கம்பளி தன் எடையில் சுமார் 30 வீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும், தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. ரப்பர் பூட்ஸுக்குள் வியர்த்துக்கொண்டு நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுப்பவருக்கு இதைவிட நல்ல நூல் கிடையாது. நைலோன் குதிகாலைத் தேயவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொட்டன் நூல் இதற்கு நேர்மாறு. தண்ணீரைக் குடித்துக்கொண்டு குளிர்ந்து கிடக்கும், இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது, மத்தியானத்துக்குள் கணுக்காலில் தொளதொளவென்று இறங்கிவிடும். கண்டி, மாத்தளைப் பக்கம் வீட்டுக்குள் போட என்றால் கொட்டன் சரி, அதற்கு மேல் ஏறினால் வேண்டாம்.

அக்ரிலிக் என்ற செயற்கை நூலைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. பின்னல் பழகியவர்கள் பலர் அதை மதிக்கவே மாட்டார்கள். ஆனால் நம் டவுன்களில் அதிகம் கிடைப்பது அதுதான், மலிவும்கூட. துவைத்தால் கம்பளிபோல் சுருங்காது, கம்பளியைவிடச் சீக்கிரம் காயும். மேற்குச் சரிவில் குடியிருப்பவருக்கு அந்தக் கடைசிக் குணம் பெரிய விஷயம். அதன் குறை, வியர்வையை உறிஞ்சாது. பூட்ஸுக்குள் போட்டால் பாதம் நசநசவென்று ஈரமாகிப் பிறகு குளிரும். ஆகவே இரவில் படுக்கும்போது போடவும், பிள்ளைகளுக்கும், பின்னப் பழகவும் அக்ரிலிக். வேலைக்குக் கம்பளிக் கலவை. அதிலும் தடிப்பாக ஒரு சோடி பின்னுவதைவிட மெல்லியதாக இரண்டு சோடி பின்னுங்கள். ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம், மெல்லியது சீக்கிரமும் காயும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நுவரெலியாவின் பேல் பஜாரிலும், டவுன் சந்தைகளில் பழைய உடுப்பு விற்கிற இடங்களிலும் கம்பளிச் சுவெட்டர்கள் கிடைக்கும். பெரிய அளவில் ஒன்று வாங்கிப் பிரித்தால், நல்ல கம்பளி நூல் ஒரு பந்தின் விலையைவிடக் குறைவாகப் பல சோடிக்கு நூல் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் சுவெட்டரை உள்பக்கமாகத் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். தையல் ஓரம் ஓவர்லொக் அடித்து வெட்டியிருந்தால் அது வேண்டாம். துணியாகப் பின்னிப் பிறகு வெட்டித் தைத்தது அது, பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் துண்டு துண்டாகத்தான் வரும். இரண்டு ஓரங்களும் வெட்டுப்படாமல், சங்கிலிபோல் ஒரு தையலால் சேர்த்திருந்தால் வாங்கலாம். நூல் நீளமாக வரும்.

லேபிள் இல்லாவிட்டால் ஒரு சிறு நூலைக் கத்தரித்து வீட்டில் நெருப்பில் காட்டிப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடை அடிக்கும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். கொட்டன் கடதாசி எரிவதுபோல் எரியும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும். இதில் நைலோன் இருக்காது என்பதால், குதிகாலும் விரலும் வரும்போது மெல்லிய நைலோன் நூல் ஒன்றையும் சேர்த்து இரட்டை நூலாகப் பின்ன வேண்டும்.

இனி திசை. காலுறையின் மேல் விளிம்பில் தொடங்கி விரலை நோக்கி இறங்கலாம், அல்லது விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறலாம். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பழக்கத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். எனக்குத் தீர்மானமாகப் படுவது வேறொன்று. பின்னல், முடித்த முனையிலிருந்துதான் சரசரவென்று பிரியும். தொடங்கிய முனையிலிருந்து பிரிக்கப் போனால் ஒவ்வொரு கண்ணிலிருந்தும், அதாவது ஊசியில் போடும் ஒவ்வொரு வளையத்திலிருந்தும், நூலை வெளியே இழுக்க வேண்டும், அது முடிவில்லாத வேலை. மேலிருந்து பின்னிய காலுறை முடிவது விரலில். பெருவிரல் நகம் குத்தி ஓட்டை விழுந்ததா, நுனியை அவிழ்த்து, தேயாத சுற்று வரும்வரை பிரித்து, கண்களை ஊசியில் எடுத்துப் புது நூலால் விரல் பகுதியை மட்டும் பின்னிவிடலாம். ஒரு மாலை வேலை. விரலிலிருந்து பின்னியதில் இதையே செய்ய வேண்டுமென்றால், நல்ல சுற்று ஒன்றில் நூலை வெட்டி, கண்களைப் பிடித்து எதிர்த்திசையில் பின்ன வேண்டும். சாதாரண நிட் பின்னலில் சேர்ந்த இடம் தெரியாது. நிட்டும் அதன் மறுபக்கமான பர்லும் மாறி மாறி வரும் ரிப்போ, கேபிளோ இருந்தால் அந்த இடத்தில் கோடு அரைக்கண் விலகி நிற்கும்.

விரலிலிருந்து தொடங்குவதற்கும் ஒரு பெரிய பலம் உண்டு. கையில் இருக்கும் நூலை மிச்சமில்லாமல் பயன்படுத்தலாம். நூலைத் தராசில் வைத்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, பாதம் முடிந்து குதிகாலும் முடிந்த பிறகு நூல் தீரும்வரை மேலே ஏறலாம். நூல் பற்றாமல் போனால் கணுக்கால் உயரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மேலிருந்து வருபவருக்கு நூல் பற்றாமல் போவது பாதத்தில். நடுவில் போட்டுப் பார்த்து அளவு சரிபார்ப்பதும் விரலிலிருந்து வரும்போது சுலபம். முன்பு விரல் நுனியைத் தொடங்குவதுதான் சிக்கலாக இருந்தது. ஜூடி பெக்கர் 2006இல் வெளியிட்ட தொடக்க முறை வந்தபின் அந்தச் சிக்கலும் போய்விட்டது. இரண்டு ஊசிகளில் மாறி மாறி நூலைச் சுற்றினால் தையலே இல்லாமல் நுனி மூடிக்கொள்ளும். கவனிக்க வேண்டிய இடம் மேல் விளிம்புதான். அங்கே முடிக்கும்போது இறுக்கிவிட்டால் குதிகால் உள்ளே நுழையாது, ஆகவே நன்றாக இழுபடும் முறையில் தளர்வாக முடிக்க வேண்டும்.

என் முடிவு: அளவு தெரிந்த புது நூல் என்றால் மேலிருந்து தொடங்குங்கள். பிரித்தெடுத்த சுவெட்டர் நூல், மிச்ச நூல் என்றால் விரலிலிருந்து.

குதிகாலுக்கு வருவோம். ஒரு காலுறை காலில் சரியாக நிற்பதும், முதலில் கிழிவதும் அங்கேதான். உதாரணத்துக்கு 60 கண் காலுறையை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் பாதிக் கண்களை, அதாவது 30ஐ மட்டும் முன்னும் பின்னுமாக 30 வரிசை பின்னிக் குதிகாலுக்குப் பின்னால் ஒரு மடல் எடுப்பார்கள். நிட் வரிசையில் ஒரு கண் பின்னி, ஒரு கண்ணைப் பின்னாமல் அடுத்த ஊசிக்குத் தள்ளிப் போவதால் துணி இரட்டைத் தடிப்பாகும். பிறகு குறுக்கு வரிசைகளால், அதாவது வரிசை முடியுமுன் பாதியிலேயே திரும்பிப் பின்னும் வரிசைகளால், திருப்பினால் 18 கண் மிஞ்சும். மடலின் இரு ஓரத்திலும் 15, 15 ஆகக் கண் எடுத்து, மேல்பாதத்தில் காத்திருக்கும் 30ஐயும் சேர்த்தால் மொத்தம் 78. அதை ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் இரண்டு இரண்டாகக் குறைத்து 60க்குக் கொண்டுவர வேண்டும். எழுத்தில் படிக்கப் பயமாக இருக்கும். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனால், துணி தானாகக் கிண்ணம்போல் வளைவதைப் பார்க்கலாம். பின்னல் வேலையில் அதற்கு இணையான சந்தோஷம் எனக்கு வேறில்லை. பாதத்தின் மேல்வளைவு உயர்ந்தவர்களுக்கும், வெறுங்காலோடு மலை ஏறி இறங்கி அகன்ற பாதம் உள்ளவர்களுக்கும் இந்த முறைதான் பொருந்தும், ஏனென்றால் அந்த இடத்தில் கண்களின் எண்ணிக்கை கூடுகிறது.

குறுக்கு வரிசைகளால் மட்டும் திருப்புகிற குதிகால் பார்க்க அழகு, கடையில் வாங்கும் சொக்ஸ் மாதிரியே இருக்கும், நூலும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் ஒற்றைத் தடிப்பு, மேல்வளைவில் இறுக்கம். மெல்லிய பாதம் உள்ள இளம் பிள்ளைகளுக்குச் சரி.

பிறகு வைக்கும் குதிகால் என்று ஒன்று உண்டு. குழாய்போலப் பின்னிக்கொண்டே வந்து, குதிகால் வரவேண்டிய இடத்தில் பாதிக் கண்களை மட்டும் வேறு நிறக் கழிவு நூலால் ஒரு வரிசை பின்னிவிட்டு, திரும்பவும் பழைய நூலால் தொடர்வது. கடைசியில் அந்தக் கழிவு நூலை உருவினால் மேலும் கீழும் கண்கள் திறந்து நிற்கும். அவற்றை ஊசியில் எடுத்து, விரல் நுனி பின்னுவதுபோலவே குறைத்துக்கொண்டு போய் மூட வேண்டும். பழுது பார்க்க இதைப்போல் வசதியான குதிகால் இல்லை. தேய்ந்தால் மூடிய இடத்தை அவிழ்த்து, அடிவரை பிரித்து, புதிதாகப் பின்னிவிடலாம். மற்ற எந்தப் பகுதியையும் தொட வேண்டியதில்லை. அப்படியானால் எல்லோருக்கும் இதையே சொல்லலாமே என்று தோன்றும். சொல்ல முடியாததற்குக் காரணம் அதன் ஆழம். மேல்வளைவு உயர்ந்த பாதத்தில் குறுக்கே இழுத்துப் பிடிக்கும், நடக்க நடக்கக் காலுறை பூட்ஸுக்குள் கீழே இறங்கும். படிகளும் ஏற்றங்களுமாக நாள் முழுக்க நடப்பவருக்கு அது தொல்லை. எனவே வேலைக்குப் போகிறவருக்கு மடல் வைத்த இரட்டைத் தடிப்புக் குதிகால், வீட்டில் போடுவதற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிறகு வைக்கும் குதிகால் என்று பிரித்துக்கொள்கிறேன்.

வளரும் குழந்தைக்குக் குதிகாலே வேண்டாம். ரிப்பை ஒவ்வொரு நாலு சுற்றுக்கும் ஒரு கண் நகர்த்திக்கொண்டு போனால் சுருள் விழுந்த குழாய் வரும். அது எந்தக் காலிலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் வேறு பக்கம் திருப்பிப் போடுவதால் ஒரே இடம் தேய்வதில்லை, பாதம் வளர்ந்தாலும் கொஞ்சக் காலம் தாங்கும்.

“ரெண்டு ஊசியிலேயே பின்ன ஏலாதா அக்கா?” என்று கேட்பவர்கள் நிறைய. பின்னலாம். தட்டையாகப் பின்னி ஓரத்தைத் தைத்துச் சேர்க்க வேண்டும். அந்தத் தையல் சப்பாத்துக்குள் உரசும். சுகர் இருப்பவர்களுக்குத் தையல் உள்ள காலுறையையும் இறுக்கமான மேல் விளிம்பையும் கொடுக்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் சின்னக் காயம் தெரியாமல் புண்ணாகிவிடும். படுக்கையில் போட மட்டும் என்றால் இரண்டு ஊசி போதும்.

சுற்றிப் பின்ன இரண்டு வழி. இருபக்கமும் கூரான ஐந்து குட்டை ஊசிகள் ஒன்று, 80 அல்லது 100 சென்ரிமீற்றர் வயர் வைத்த வட்ட ஊசியில் வயரை நடுவில் வெளியே இழுத்துவிட்டுப் பின்னும் மெஜிக் லூப் மற்றது. காலுறையின் உடலமைப்பைப் புரிந்துகொள்ள ஐந்து ஊசிகளே நல்லது. நாலு ஊசியில் பதினைந்து பதினைந்தாக 60 கண்ணும் நிற்கும், எது மேல்பாதம், எது அடிப்பாதம் என்று கண்ணாலேயே தெரியும். ஊசி மாறும் இடத்தில் ஏணிபோல் இடைவெளி விழாமலிருக்க ஒவ்வொரு ஊசியின் முதல் கண்ணையும் இரண்டாம் கண்ணையும் இறுக்கிப் பின்ன வேண்டும். இன்னொரு வசதி, இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சைக்கிள் சில்லுக் கம்பி சாதாரணமாக 2 மில்லிமீற்றர். துருப்பிடிக்காத கம்பியாகப் பார்த்து வெட்டி, இரு முனையையும் அரத்தால் மழுங்கிய கூராக்கி, மணல் தாளால் தேய்த்தால் மெல்லிய நூலுக்குத் தளர்வாகப் பின்னுகிற கைக்கு ஏற்ற ஊசி தயார். இறுக்கமாகப் பின்னுகிறவர்கள் 2.5 மில்லிமீற்றர் ஊசியைக் கடையில் வாங்குவதே சரி. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போகும்போது பின்ன நினைப்பவருக்கு வட்ட ஊசிதான். வளைவுக்கு வளைவு குட்டை ஊசி கழன்று சீட்டுக்கு அடியில் உருளும்.

டிசைனைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப் எந்தக் கணுக்காலையும் பிடித்துக்கொள்ளும், பூட்ஸுக்குள் மடியாது. கேபிள் துணியைக் குறுக்கும், ஆகவே கண்கள் சில கூட்ட வேண்டும். பாதத்தின் மேல்புறம் பூட்ஸ் அழுத்தும் இடத்தில் முறுக்கு வேண்டாம், கணுக்காலோடு நிறுத்துங்கள். இரண்டு நிறப் பின்னலில் உள்ளே நூல் குறுக்கே ஓடுவதால் நல்ல சூடு, ஆனால் இழுபடாது, பிள்ளைகளின் விரல் அதில் மாட்டும். லேஸ் நம் மூடுபனிக்கு வேண்டாம். எந்த டிசைனும் அட்டைக்கடியைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னலின் கண் வழியாக அட்டை நுழைந்துவிடும். அதற்கு நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டைக் காலுறையை மேலே போட வேண்டும்.

நம்மில் பலர் காலையில் வாசலுக்கு வருவது பாட்டா செருப்போடுதான். பெருவிரலைத் தனியாகப் பிரித்த காலுறை அதற்கு மிகவும் வசதி. இது புதிதல்ல. எகிப்தின் ஒக்ஸிரிங்கஸில் கிடைத்த, ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய கம்பளிக் காலுறைகள் லண்டன் விக்டோரியா அண்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செருப்போடு போடுவதற்காக அவையும் பெருவிரல் பிரித்தவைதான். அவை ஒற்றை ஊசியால் முடிச்சுப்போல் கோத்தவை, இன்றைய பின்னல் வகை அல்ல. நாம் பின்னும்போது விரல் தொடங்கும் இடத்தில் கண்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெருவிரலுக்கு ஒதுக்கி, நடுவில் இரண்டு மூன்று கண் புதிதாகச் சேர்த்து, இரண்டு சிறு குழாயாக முடிக்கலாம்.

அளவு எடுப்பது சுலபம். பாதத்தின் அகன்ற இடத்தைச் சுற்றி அளந்து பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 22 சென்ரிமீற்றர் என்றால் 20. மெல்லிய நூலில் 10 சென்ரிமீற்றருக்கு 30 கண் வந்தால் 60 கண். தடித்த நூலில் 3.25 மில்லிமீற்றர் ஊசியால் 10 சென்ரிமீற்றருக்கு 22, 23 கண் வரும், ஆகவே 44 கண் போதும். மெல்லிய நூலில் ஒரு காலுக்குப் பத்தாயிரம் கண்களுக்கு மேல் பின்ன வேண்டிவரும், தடித்ததில் ஏறத்தாழ அதில் பாதி. சிவனொளிபாத மலைக்குப் போகிறவருக்காக அவசரமாகப் பின்னுவதென்றால் தடித்த நூலையே எடுங்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை பருவம். 2,243 மீற்றர் உச்சியில் சூரிய உதயத்துக்காக உட்கார்ந்திருக்கும்போது தடித்த ரிப் காலுறையின் அருமை தெரியும். ஏறும்போது மெல்லியதைப் போட்டு, இதைப் பையில் வைத்து, மேலே போய் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வியர்த்த காலுறையோடு உச்சியில் உட்கார்ந்தால் எந்த நூலும் சூடு தராது.

துவைக்கும்போது கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்க வேண்டாம், சிக்குப் பிடித்துச் சுருங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி எடுத்து, துவாயில் சுருட்டி மிதித்து ஈரத்தை வாங்கிவிட்டுக் கொடியில் போடுங்கள். மழை மாதத்தில் அடுப்பங்கரையில் காய வைப்பதாக இருந்தால், நெருப்புக்கு நேர் மேலே கட்டாமல் பக்கத்துச் சுவரோரம் கட்டுங்கள். அக்ரிலிக் என்றால் இன்னும் தள்ளி. அது பொறி பட்டாலே உருகி ஓட்டையாகிவிடும்.